காஷ்மீர் வாயில் அருகே ஒரு கோயில்

தில்லியில் சில காலமேனும் வாழ்ந்த தமிழர்க்குக் காஷ்மீர் கேட் என்னும் பெயர் புதிதன்று. ஹரித்துவாரத்துக்கும் சிம்லாவுக்கும் செல்ல விரும்புவோர், ஊரிலிருந்து வந்த உறவினரைக் கங்கை நீராட அழைத்துச் செல்வோர், யாவரும் அங்குள்ள மாநிலப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் காத்துக் கிடந்தவரே. இந்நாளில் மூன்று மெட்ரோ பாதைகள் அங்கே சந்திக்கின்றன. நாள்தோறும் அவ்வழியே செல்லும் பெருந்திரளில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே, மரங்களிடையே ஒதுங்கி நிற்கும் வெண்ணிறக் குவிமாடம் ஒன்றைக் கண்டவர் சிலர். கண்டு நின்றவர் மிகச் சிலர். அக்குவிமாடத்தை உடைய புனித ஜேம்ஸ் ஆலயத்தைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விழைகிறோம்.

நாம் தில்லிக்கு வந்த புதிதில் திமார்ப்பூரில் குடியிருந்தோம். அலுவலகத்துக்குச் செல்லும் பேருந்து நாள்தோறும் அவ்வாலயத்தைத் தாண்டியே சென்றது. ஒரு விடுமுறை நாளில் இறங்கிப் பார்ப்பதென்று துணிந்து சென்றோம். கதவு சாத்தியிருந்தது. அக்காலத்தில் நம்முடைய இந்தி, கோப்புகளில் வரும் இந்தி. கடைத்தெருவிலும் வாயிற்காவலரிடமும் அது செல்லுபடி ஆகாது. எவ்வாறு கேட்பதென்று தயங்கி நிற்கையில், முதிய காவலர் ஒருவர் நம்மைக் கண்டு, "கிர்ஜாகர் பார்க்க வேண்டுமா? இருங்கள், சாபி எடுத்து வருகிறேன்" என்று தம் மொழியில் கூறி உள்ளே சென்றார்.

சாபி என்ற அச்சொல் நம் செவியில் சாவி என்றே விழுந்தது. மொழிபெயர்ப்பை வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவர்க்கு இத்தகைய கணங்கள் பெருமகிழ்ச்சி தருவன. அவருடைய சாபியும் நம்முடைய சாவியும் போர்ச்சுகீசியர் கொணர்ந்த ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். அவருடைய கிர்ஜாவும் ஆலயத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே. பாதிரியும் அலமாரியும் அவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. மொழி தெரியாத ஊரில் முதன்முதல் நமக்குப் புரிந்த சொல் ஒரு திறவுகோலின் பெயராக அமைந்ததை இன்றும் எண்ணி மகிழ்கிறோம்.

ஆலயத்தின் வரலாற்றைச் சொல்வதென்றால், அதனைக் கட்டியவரின் வரலாற்றைச் சொல்லியே தீர வேண்டும். நாடு முழுவதும் ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்கள் பெரும்பாலும் கும்பினியின் பொருளாலோ, திருச்சபையார் திரட்டிய நிதியாலோ எழுந்தவை. இதுவோ ஒரு தனிமனிதர் தம் கைப்பொருளைக் கொண்டு, ஒரு நேர்த்திக்கடனை நிறைவேற்றும் பொருட்டுக் கட்டியது. அவர் பெயர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர்.

ஸ்கின்னர் 1778-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்து நாட்டினர். கும்பினிப் படையில் அதிகாரி. தாய் போஜ்பூர்ப் பகுதியின் நிலக்கிழார் ஒருவரின் மகள், ராஜபுத்திர குலத்தவர், போரொன்றில் பதினான்கு வயதில் சிறைப்பட்டவர். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பினால் தம் குலத்தின் திரைமறைவு முறை குலையும் என்று மனம் நொந்து, அத்தாய் 1790-இல் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். பிள்ளைக்கு அப்போது வயது பன்னிரண்டு.

தந்தையைப் போலப் படைவீரனாக வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. அதற்கு வழி அடைபட்டிருந்தது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைப் படை அதிகாரத்திலும் ஆட்சிப் பணியிலும் அமர்த்துவதில்லை என்று 1791-இலும் அதனை ஒட்டிய ஆண்டுகளிலும் கும்பினியார் ஆணை பிறப்பித்திருந்தனர். கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்தார்கள். சில நாட்களிலேயே அவன் அங்கிருந்து ஓடிப்போனான். கையிலிருந்தது நான்கணா. அது செலவானபின் சுமை தூக்கியும் கூலி வேலை செய்தும் வயிறு வளர்த்தான். முடிவில், சிந்தியாவின் மராத்தியப் படையைப் பயிற்றுவித்து வந்த பிரெஞ்சுத் தளபதி தெ புவான்யிடம் சென்று சேர்ந்தான். தந்தையின் இனத்தார் மறுத்த வாளை மராத்தியர் அவன் கையில் கொடுத்தனர்.

இவ்வாலயத்துக்கு வித்து ஊன்றப்பட்டது 1800-ஆம் ஆண்டில், ராஜபுதனத்தின் உனியாராப் போர்க்களத்தில். கரௌலி அரசருக்குத் துணையாகச் சென்ற ஸ்கின்னரின் படை அங்கே சிதறுண்டது. குண்டு பாய்ந்து வீழ்ந்த ஸ்கின்னர் நினைவிழந்து கிடந்தார். மறுநாள் காலையில் கண்விழித்தபோது, சுற்றிலும் பிணங்கள். குற்றுயிராய்க் கிடந்தோரின் முனகல். இரவில் நரிகளின் ஊளை. பிழைத்தெழுந்தால் இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டார்.

அந்நிலையில் ஒரு முதியவரும் ஒரு மூதாட்டியும் கூடையில் ரொட்டியும் குடத்தில் நீரும் ஏந்திக் களத்துக்கு வந்தனர். அடிபட்டோர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது நீரும் தந்து நகர்ந்தனர். ஸ்கின்னருக்கும் தந்தனர். அவர் அருகே காலை இழந்த சுபேதார் ஒருவர் கிடந்தார், உயர்குல ராஜபுத்திரர். வந்தவர்கள் தோல் தொழில் செய்யும் குலத்தினர் என்று அறிந்ததும், அவர் அந்நீரைத் தொட மறுத்தார். எப்படியும் சாகத்தான் போகிறோம், குலம் கெடாமல் சாவோம் என்பது அவர் முடிவு. ஸ்கின்னர் வாங்கி உண்டார், பிழைத்தார். பின்னாளில் அம்மூதாட்டிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி, அவரைத் தம் தாயாகவே கருதுவதாகச் சொல்லியனுப்பினார். ஸ்கின்னர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளில் இச்செய்தி உள்ளது. அவற்றை ஜேம்ஸ் பெய்லி பிரேசர் என்பவர் 1851-இல் நூலாக வெளியிட்டார்.

நேயர்களே, இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஆலயத்தைச் சுற்றிவந்த பின்னர் மீண்டும் இங்கே திரும்புவோம்.

கும்பினிக்கும் மராத்தியர்க்கும் 1803-இல் போர் மூண்டபோது, ஸ்கின்னர் போன்ற கலப்பினத்தவரைச் சிந்தியாவின் தளபதியே வேலையிலிருந்து நீக்கிவிட்டார். தாம் உப்பைத் தின்ற சிந்தியாவை எதிர்த்துப் போரிட மாட்டேன் என்ற நிபந்தனையுடனேயே ஸ்கின்னர் கும்பினித் தளபதி லேக் பிரபுவிடம் வந்தார். அவ்வாண்டில் உருவான அவருடைய குதிரைப்படை மஞ்சள் அங்கி அணிந்தது. அவர் பெயரை மக்கள் சிக்கந்தர் என்று வழங்கினர். அலெக்சாந்தருக்குப் பாரசீகத்தில் வழங்கும் பெயர் அது. ஸ்கின்னர் என்ற பெயரின் ஒலி இந்நாட்டு நாவில் திரிந்து, வீரத்துக்கும் பொருந்தி நின்றது. அப்படை இன்றும் இந்திய ராணுவத்தில் கவசப் பிரிவாக அவர் பெயரோடு விளங்குகிறது.

ஸ்கின்னர் பாரசீகத்தில் புலமை உடையவர். இந்நாட்டுக் குலங்களையும் தொழில்களையும் விவரிக்கும் ஓவியங்கள் நிறைந்த நூலொன்றை 1825-இல் அம்மொழியில் எழுதுவித்தார். அதற்கு அடுத்த ஆண்டில் ஆலயப் பணி தொடங்கியது. நேர்ந்துகொண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள். பணி முடியப் பத்தாண்டுகள் ஆயின. செலவு எண்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகை என்பர். அக்காலத்தில் அது ஒரு சிற்றரசரின் செல்வம்.

கட்டடத்துக்கு வரைபடம் வகுத்தவர் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் ராபர்ட் ஸ்மித்; முடித்து வைத்தவர் கேப்டன் தெ பூத் என்பர். குத்துப் மினாரைப் பழுதுபார்த்தவரும் அதே ஸ்மித்தே. 1828-இல் அவர் மினாரின் உச்சியில் தம் கற்பனைப்படி ஒரு மண்டபத்தை வைத்தார். பொருந்தாத முடி என்று கருதி, 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அதனை இறக்கச் செய்தார். இறக்கிய மண்டபம் இன்றும் மினாரின் அருகே புல்வெளியில் நிற்கிறது. பிறர் கட்டிய கோபுரத்துக்கு முடி சூட்டப் போய்ப் பழி கேட்ட அவர், இங்கே தாமே அடிப்படையிலிருந்து வகுத்த கட்டடத்தில் குறையேதும் வைக்கவில்லை.

அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்கள் பெரும்பாலும் நீண்டவை. சென்னைக் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 1680-இல் பிரதிஷ்டையான அவ்வாலயத்தில் நடுவே ஒரு நீண்ட கூடம், இருபுறமும் இரு பக்கக் கூடங்கள், மேலே பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும் வளைவுக் கூரை. வாயிலில் நுழைந்தவர் நேராகப் பலிபீடத்தை நோக்கி நடக்க வேண்டும். நம் சிவாலயங்களில் மண்டபங்களைக் கடந்து கருவறையை நோக்கிச் செல்வது போன்ற அமைப்பு அது.

தில்லி ஆலயமோ கிரேக்கச் சிலுவை வடிவினது. அதாவது, நான்கு கைகளும் ஏறத்தாழ ஒரே நீளம். கூட்டல் குறியைத் தரையில் வரைந்து, அதன் மீது சுவர் எழுப்பினாற் போன்றது. மூன்று திசைகளில் தூண்களோடு கூடிய முகமண்டபங்கள். மூன்று வழியாகவும் உள்ளே வரலாம். கிழக்கில் மட்டும் வாயில் இல்லை, அங்கே பலிபீடம். நான்கு கைகளும் கூடும் நடுவிடத்தின் மேலே எண்கோண அடிமட்டம். அதன் மீது குவிமாடம். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை இது நினைவூட்டுவதாக அறிஞர் கூறுவர். பிளாரன்ஸில் புருனெல்லெஸ்கியின் மாடம் 1436-இல் நிறைவெய்தியது. சரியாக நானூறு ஆண்டுகள் கழித்துத் தில்லியில் அதன் சாயல் தோன்றியது. அளவில் இது சிறு குழந்தை. ஆயினும் முகச்சாயல் தெரிகிறது.

சதுரத்தின் மேல் எண்கோணத்தை நிறுத்துவது எங்ஙனம் என்று கேட்கலாம். சதுரத்தின் நான்கு மூலைகளையும் குறுக்கே வளைவுகளால் வெட்டினால் எட்டுப் பக்கம் கிடைக்கும். அவ்வெட்டின் மீது மாடத்தின் பாரம் பரவி இறங்கும். ஹுமாயூன் கல்லறை முதல் தில்லியின் எத்தனையோ சமாதி மாடங்கள் இந்நுட்பத்தைக் கையாண்டவையே. ஆகவே, கட்டிய கொத்தர்களுக்கு இத்தாலியின் பெயர் தெரியாதிருந்திருக்கலாம். ஆனால் மாடம் சுற்றுவது அவர்களின் பாட்டன் தொழில். ஐரோப்பிய வரைபடத்தை இந்நாட்டுக் கைகள் தம் மொழியில் பெயர்த்தன என்றே நமக்குத் தோன்றுகிறது. மூலத்துக்கும் விசுவாசம், வந்த மொழிக்கும் இயல்பு. நல்ல மொழிபெயர்ப்புக்கு வேறு இலக்கணம் உண்டோ?

உள்ளே நுழைந்தால் முதலில் உணர்வது குளிர்ச்சி. தடித்த சுவர்களும் உயர்ந்த மாடமும் தில்லியின் மே மாதத்து அனலை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. அடுத்து உணர்வது ஒலி. மெல்லப் பேசினும் சொல் மேலே சென்று சுற்றித் திரும்புகிறது. கிழக்குப் புறத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். சிலுவைப்பாட்டையும் பரமேறுதலையும் காட்டுவன. காலை வேளையில் அவற்றின் வழியே இறங்கும் நீலமும் செம்மையும் வெண்சுவரில் படிந்து மெல்ல நகர்வதைக் கண்டு நின்றால் பொழுது போவது தெரியாது.

1836-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சடங்கை நடத்தியவர் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன். இப்பெயரைக் கேட்டதும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு அறிந்தோர் செவி சாய்ப்பர். மூன்றாண்டுகளுக்கு முன், 1833-இல், தென்னாட்டுத் திருச்சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் விடுத்தவர் இதே வில்சன். ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்பது அம்மடலின் சாரம். தனித்தனியே அமர்வதும், நற்கருணையில் முன்பின் பார்ப்பதும் கூடாதென்றார். தஞ்சையில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. வேதநாயக சாஸ்திரியார் போன்ற புகழ்பெற்ற கவிஞரும் தஞ்சைக் கிறிஸ்தவ வேளாளர் பக்கம் நின்று, பழைய வழக்கத்தைக் காத்து வாதாடினார். பலர் சபையை விட்டே விலகினர்.

தென்னாட்டில் ஒரே அப்பத்தை ஒரே பாத்திரத்தில் பகிர்வது பற்றிய வழக்கில் சிக்கி மீண்ட அப்பேராயர், வடநாட்டில் பிரதிஷ்டை செய்ய வந்தது எந்த ஆலயத்தை? தாழ்ந்த குலத்தார் தந்த ரொட்டியை ஒருவர் வாங்கி உண்டதால், மற்றொருவர் மறுத்ததால், எழுந்த ஆலயத்தை. வரலாறு இத்தகைய முடிச்சுகளைத் தானே போட்டு வைக்கிறது.

ஆலயத்தின் வளாகத்தில் கல்லறைகள் பல. மேற்கு வாயிலுக்கு எதிரே வில்லியம் பிரேசர் உறங்குகிறார். கும்பினியின் தில்லிப் பிரதிநிதி; ஸ்கின்னரின் ஆருயிர் நண்பர்; நினைவுக் குறிப்புகளை வெளியிட்ட பிரேசரின் உடன்பிறந்தார். 1835 மார்ச் 22-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைத் தூண்டினார் என்ற குற்றத்துக்காகப் பிரோஸ்பூர் ஜிர்க்கா நவாப் ஷம்சுத்தீன் கான் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். உருதுக் கவிஞர் தாக் தேஹ்லவி அந்நவாபின் மகனே. நண்பனுக்குப் பளிங்குக் கல்லறை எழுப்பியவர் ஸ்கின்னர்.

ஸ்கின்னர் 1841 டிசம்பர் 4-ஆம் நாள் ஹான்சியில் காலமானார். முதலில் அங்கேயே அடக்கம் செய்தனர். தில்லி ஆலயத்தில் நண்பரின் அருகே கிடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே நாற்பது நாட்களுக்குப் பின் உடலை எடுத்து, குதிரைப்படை சூழத் தில்லிக்குக் கொணர்ந்தனர். ஊர் மக்கள் பெருந்திரளாய் எதிர்கொண்டனர். எந்தப் பாதுஷாவும் இத்தகைய சிறப்புடன் இந்நகருக்குள் கொணரப்பட்டதில்லை என்று மக்கள் பேசிக்கொண்டார்களாம். 1842 ஜனவரி 19-ஆம் நாள் அவர் உடல் பலிபீடத்தின் அருகே அடக்கம் பெற்றது. உள்ளே வருவோர் யாவரும் தம் மீது மிதித்துச் செல்லுமாறு வாயிற்படியின் அடியில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. கிடைத்ததோ பலிபீடத்தின் அடி.

பின்னர் 1857 வந்தது. மே மாதம் 11-ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகருள் புகுந்தனர். ஆலயம் சூறையாடப்பட்டது. மாடத்தின் உச்சியிலிருந்த செம்புக் கோளமும் சிலுவையும் துப்பாக்கிக் குறிகளாயின. செப்டம்பர் 14-ஆம் நாள் ஆங்கிலப் படை காஷ்மீர் வாயிலை வெடிவைத்துத் தகர்த்து நுழைந்தபோது, முதலில் வந்து அணிவகுத்தது இவ்வாலயத்தின் முன்னிருந்த வெளியிலேதான். குண்டு துளைத்த கோளத்தையும் சிலுவையையும் பின்னர் இறக்கிப் புதியன வைத்தனர்.

உட்சுவர்களில் பதித்த கற்கள் அந்நாட்களின் துயரத்தைப் பேசுகின்றன. ஒரே நாளில் மாண்ட பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். படிக்கும் எவர்க்கும் நெஞ்சு கனக்கும். ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாதிருத்தல் தகாது. நகரம் மீட்கப்பட்ட பின், தில்லி மக்களில் எண்ணற்றோர் தூக்கிலும் துப்பாக்கியிலும் மாண்டனர். எஞ்சியோர் வீடுகளை விட்டு விரட்டப்பட்டனர். அவர்களுக்கு எச்சுவரிலும் கல் இல்லை. கல்லில் உள்ளது பாதி வரலாறே.

கற்களிடையே ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தியது. அது டாக்டர் சிம்மன் லாலுக்கு உரியது. தில்லியின் மருத்துவர், முகலாய மன்னர் பகதூர் ஷாவின் குடும்பத்துக்கும் மருத்துவம் பார்த்தவர். 1852-இல் இவ்வாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1857 மே 11-ஆம் நாள் கொல்லப்பட்டார். அவரோடு உடன் ஞானஸ்நானம் பெற்றவர் மாஸ்டர் ராமச்சந்திரர். தில்லிக் கல்லூரிக் கணித ஆசிரியர். அவர் 1850-இல் எழுதிய கணித நூலை லண்டனில் அகஸ்டஸ் தெ மார்கன் என்னும் பேரறிஞர் 1859-இல் மறுபதிப்புச் செய்வித்தார். நம் கும்பகோணத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜ் அறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. ராமச்சந்திரர் அக்கொடிய நாளில் மறைந்திருந்து உயிர் தப்பினார். மதம் மாறியதால் சொந்த ஊராரிடையே அந்நியராய், நிறத்தால் ஆளுவோரிடையேயும் அந்நியராய் நின்றவர்கள் இவ்விருவரும். கட்டியவரின் நிலையும் அதுதானே!

தலைநகர் தில்லிக்கு மாறியபின், வைஸ்ராய்கள் வழிபாட்டுக்கு இங்கேயே வந்தனர். இந்தியத் தாய்க்குப் பிறந்தவன் என்று யாருக்கு வேலை மறுக்கப்பட்டதோ, அவர் கட்டிய கூரையின் கீழ் அவ்வரசின் தலைவர்கள் மண்டியிட்டனர். 1931-இல் புதுதில்லியில் மீட்பின் பேராலயம் எழுந்தபின் அவ்வழக்கம் நின்றது. இங்கே அமைதி திரும்பியது.

தென்னாட்டில் ஆங்கிலிக்கன் சபை பிற சபைகளோடு இணைந்து, 1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. வடநாட்டில் 1970 நவம்பர் 29-இல் நாகபுரியில் வடஇந்தியத் திருச்சபை தோன்றியது. அன்று முதல் இவ்வாலயம் அதனைச் சார்ந்தது. ஆங்கிலத் திருச்சபையின் ஆலயமாகப் பிறந்தது இந்தியத் திருச்சபையின் ஆலயமாக வாழ்கிறது. அருகிலேயே 1728-இல் எழுந்த பக்ருல் மஸாஜித் பள்ளிவாசல் உள்ளது. கணவனின் நினைவாக ஒரு பெண்மணி கட்டியது. தாரா ஷிகோவின் நூலகம் என வழங்கும் மண்டபமும் அடுத்த தெருவில் உள்ளது. ஒரு மாலை நடையில் மூன்றையும் கண்டு திரும்பலாம்.

நாம் அத்திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லோம். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே சென்று வருகிறோம். சென்ற முறை நம் மகளை அழைத்துச் சென்றோம். தில்லியிலேயே பிறந்தவள்; பள்ளியில் அவளை மதராஸி என்பர்; கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் தில்லிக்காரி என்பர். ஸ்கின்னரின் கதையைக் கேட்டு முடித்ததும், "அப்படியானால் அவர் எந்த ஊர்க்காரர், அப்பா?" என்று வினவினாள். விடை சொல்ல நமக்குச் சற்று நேரம் ஆயிற்று. "எங்கே புதைய விரும்பினாரோ அந்த ஊர்க்காரர்" என்றோம். அவளுக்கு நிறைவில்லை. "ரொட்டி கொடுத்த பாட்டியின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தாள்.

நேயர்களே, முன்னர் மனத்தில் இருத்துமாறு வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். அம்மூதாட்டியின் பெயர் எக்கல்லிலும் இல்லை, நூலிலும் இல்லை. கர்னலின் பெயர் உண்டு, பேராயரின் பெயர் உண்டு, பொறியாளரின் பெயர் உண்டு. ஆலயத்துக்கு முதற்கல் நாட்டியவள் அவளே அன்றோ? அந்த ஒரு துண்டு ரொட்டி இல்லையேல் மாடம் இல்லை, சாளரம் இல்லை. நம் மகளிடம் நாம் அன்று சொன்னது இதுவே: "பெயர் பொறிக்க மறந்துவிட்டார்கள். நாம் நினைவில் வைத்துக் கொள்வோம்."

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம் ஒவ்வொருவர்க்கும், முதல் நாளில் ஒரு வாய்த் தண்ணீர் தந்தவர், வழி காட்டியவர், வாடகைக்கு அறை தந்தவர், சாவி எடுத்துவந்து கதவைத் திறந்தவர் எவரேனும் இருப்பர். அவர் எக்குலத்தவர், எம்மொழியினர் என்று நாம் அன்று கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. நிலை உயர்ந்தபின் கேட்கத் தொடங்குவதே மனித இயல்பின் குறை. ஸ்கின்னர் நிலை உயர்ந்தபின்னும் அம்மூதாட்டியைத் தாய் என்றார். அவர் வாழ்க்கையில் ஒப்புக்கொள்ள இயலாதவை பல உண்டு. இவ்வொன்றில் அவர் நம் வணக்கத்துக்கு உரியவர்.

அடுத்த முறை காஷ்மீர் கேட்டில் பேருந்துக்கோ மெட்ரோவுக்கோ காத்திருக்க நேர்ந்தால், ஓர் அரைமணி நேரத்தை ஒதுக்கி அவ்வாலயத்துக்குச் சென்று வாருங்கள். கதவு சாத்தியிருந்தால் தயங்க வேண்டா. சாவி என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.